மீன் தொட்டி வடிகட்டியில் நீர் குறைவதேன்?

கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், சென்ற கோடையில் ஒரு வியாழக்கிழமை வாடிய முகத்துடன் என்னிடம் வந்தார். அவர் வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் கொளத்தூரில் வாங்கிய தங்கமீன்கள். தொட்டிக்குள் பொருத்தியிருந்த வடிகட்டியிலிருந்து வரும் நீர் மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் சொட்டும் நிலையை அடைந்துவிட்டது. ஞாயிறன்று அதைப் பிரித்து, ஸ்பாஞ்சுகளைக் குடிநீர்க் குழாயடியில் கசக்கிப் பிழிந்து, மொட்டை மாடியில் நாள் முழுவதும் காயப்போட்டு, மாலையில் மாட்டினார். நீர் அருவியாய்க் கொட்டியது. புதனன்று பாதி மீன்கள் செத்து மிதந்தன.

"ஃபில்டர் நல்லா ஓடுது சார். அப்புறம் ஏன் மீன் சாகணும்?"

இதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. நீர் ஏன் குறைந்தது? அதைச் சரி செய்ததும் மீன்கள் ஏன் மடிந்தன? முதலாவதிலிருந்து தொடங்குவோம்.

மோட்டார் பழசாகி மெதுவாகச் சுற்றுகிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். என் மாணவரும் அப்படி எண்ணிப் புது மோட்டார் வாங்கப் பணம் சேர்த்திருந்தார். ஆனால் இந்தச் சிறு பம்பு மெதுவாகச் சுற்ற இயலாது. கூரையில் தொங்கும் மின்விசிறி தூண்டல் மோட்டாரால் ஓடுவது. மின்னழுத்தம் தாழ்ந்தால் அதன் வேகமும் தாழும். மீன் தொட்டிப் பம்பில் இருப்பதோ ஒத்தியங்கு மோட்டார். பிசினுக்குள் மூடப்பட்ட ஒரு கம்பிச் சுருள். அதன் எதிரே நீருக்குள்ளேயே சுழலும் ஒரு நிலைக்காந்தம். காந்தத்தின் தலையில் பிளாஸ்டிக் விசிறி. அவ்வளவுதான். நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். எனவே காந்தமும் விநாடிக்கு 50 சுற்று, அதாவது நிமிடத்திற்கு 3,000 சுற்று சுற்றியாக வேண்டும். ஒன்று அந்த வேகத்தில் சுற்றும், இல்லையேல் நின்ற இடத்தில் அதிரும். இடைப்பட்ட வேகம் அதற்குக் கிடையாது. (அடாப்டர் வழியே நேர்மின்னோட்டத்தில் ஓடும் பம்புகளுக்கு இது பொருந்தாது.)

ஆகவே நீர் நாளுக்கு நாள் குறைகிறதென்றால் குற்றம் பெரும்பாலும் மோட்டாரில் இல்லை. நீர் செல்லும் வழியில் இருக்கிறது.

இந்தப் பம்பின் வலிமை எவ்வளவு என்று சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். விசிறியின் விட்டம் 2 செ.மீ. என்று கொண்டால், அதன் ஓரம் விநாடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அவ்வேகத்தில் நேர்மேலே எறியப்படும் நீர் அரை மீட்டர் உயரமே எழும். 5 மீட்டர் உயரத்திலுள்ள மாடித் தொட்டி தரும் அழுத்தத்தில் இது பத்தில் ஒரு பங்கு. வழியில் சிறிது அடைப்பு ஏற்பட்டாலும் இத்தகைய பம்பு திணறிப்போவது இயல்பே அன்றோ?

அடைப்பு அதிகம் சேருமிடம் ஸ்பாஞ்சு. நுண்துளைகள் நிறைந்த பொருளின் வழியே நீர் எவ்வாறு பாய்கிறது என்பதைப் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி, டிஜோன் நகரின் குடிநீர் ஏற்பாடு பற்றிய நூலில் 1856-ல் வெளியிட்டார். மணல் படுகையின் இரு பக்கமும் உள்ள அழுத்த வேறுபாட்டிற்கு நேர்விகிதத்தில் நீர் பாயும். படுகையின் தடிமன் கூடினால் குறையும் என்று அவர் கண்டார். துளை சிறுத்தால் என்ன ஆகும்? மெல்லிய துளையில் நிதானமாகப் பாயும் நீரின் அளவு, விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் நீர் பாதியாவதில்லை. 16-ல் ஒரு பங்காகிறது! நேற்றுவரை ஓடிய வடிகட்டி இன்று திடீரென்று நின்றுவிட்டதுபோலத் தோன்றுவதன் காரணம் இதுதான். அழுக்குச் சீராகவே சேர்கிறது. நீரோட்டம் அப்படிச் சீராகக் குறைவதில்லை.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு லிட்டர் குவளையும் கடிகாரமும் போதும். தொட்டியின் நீர் மட்டத்தருகே குவளையைப் பிடித்து, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறதென்று பாருங்கள். மணிக்கு 600 லிட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், 6 விநாடிக்கு ஒரு லிட்டர் என்று பொருள். நீரை உயர்த்த வேண்டாத நிலையில் கிடைக்கும் அளவு அது. நடைமுறையில் புதுப் பம்பே சற்றுக் குறைவாகத்தான் தரும். எனவே வாங்கிய அன்றே அளந்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பின்னர் நீர் குறையும்போது ஸ்பாஞ்சைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். ஓட்டம் மீண்டால் அடைப்பு ஸ்பாஞ்சில். மீளாவிட்டால் வெளியேறும் குழாயையும் கழற்றி அளக்க வேண்டும். அப்போதும் மீளாவிட்டால் விசிறிதான் மிச்சம். தொடர் இணைப்பிலுள்ள மின்தடைகளுள் பழுதானதை ஒவ்வொன்றாக நீக்கிக் கண்டுபிடிக்கும் அதே முறை.

இதை நான் கரும்பலகையில் விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவர் சிரித்தார். அவருடைய தந்தை சிப்காட் வளாகத்தில் இரும்பு உருட்டாலை ஒன்றில் வேலை செய்பவர். அங்கே குளிர்விக்கும் நீரை வடிக்கும் மணல் வடிகட்டிக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் அழுத்தமானி உண்டாம். "ரெண்டு கேஜுக்கும் வித்தியாசம் ஏறினா பேக்வாஷ் பண்ணணும்னு அப்பா சொல்வார் சார்." டார்சியின் விதியை அவர் தினமும் பயன்படுத்தி வந்திருக்கிறார்!

விசிறிக்கு வருவோம். இங்கே கை வைக்குமுன் மின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். காந்தத்தைச் சுற்றியுள்ள குழியில் வழுவழுப்பான படலமும், ஆழ்குழாய்க் கிணற்று நீர் ஊற்றும் வீடுகளில் வெள்ளைச் சுண்ணப் படிவும் சேரும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஒட்டுமே, அதே கால்சியம் கார்பனேட். காந்தத்தையும் அச்சையும் எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்து, நன்றாக அலசி மாட்டினால் போதும். படிவு கூடினால் ஓடும் பம்பு ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் மின்சாரம் ஒரு முறை போய் வந்ததும், நின்ற நிலையிலிருந்து கிளம்ப வலுவின்றி 'உம்' என்று முனகும். இரவில் இப்படி நின்றுபோனால் காலை வரை யாருக்கும் தெரியாது.

பம்பு சத்தமாகச் சுற்றுகிறது, நீர் மட்டும் வரவில்லை என்றால் விசிறி அறையில் காற்று சிக்கியிருக்கலாம். காற்றின் அடர்த்தி நீருடையதில் ஏறத்தாழ 800-ல் ஒரு பங்கு. அதைச் சுழற்றி எறிந்தால் அழுத்தமே பிறக்காது. நீருக்குள் பம்பைச் சாய்த்துக் குலுக்கினால் குமிழி வெளியேறிவிடும்.

இனி மீன்கள் செத்த கதை. மீன்களின் செவுள் வழியாகவும் கழிவின் வழியாகவும் அமோனியா நீரில் சேர்கிறது. ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முன்னிரண்டும் நஞ்சு, நைட்ரேட் அவ்வளவு கொடிதன்று. 1890-ஐ ஒட்டி ரஷ்ய அறிஞர் விநோகிராட்ஸ்கி, இரு படிகளையும் வெவ்வேறு பாக்டீரியாக்கள் செய்வதைக் காட்டினார். இரண்டையும் தனியே செய்துவிடும் பாக்டீரியாக்கள் 2015-ல்தான் கண்டறியப்பட்டன. அவை கிடைத்த இடங்களுள் ஒன்று மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டி!

இவை மெதுவாகப் பெருகுபவை. புதுத் தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். என் மாணவர் குழாய் நீரின் குளோரினாலும் வெயிலாலும் அந்தக் குடியிருப்பையே அழித்துவிட்டார். ஸ்பாஞ்சு பார்வைக்குச் சுத்தமாயிற்று. அமோனியாவை மாற்ற ஆளில்லை. காரத்தன்மையுள்ள நீரிலும் வெப்பத்திலும் அமோனியாவின் நச்சு மிகும். போதாததற்கு 20 பாகையில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான் கரையும். கோடையில் இவை எல்லாம் ஒருங்கே சேர்ந்துகொண்டன.

நம் பக்கத்துப் பழைய பொறியாளர்கள் இந்த எச்சரிக்கையை அறிந்திருந்தார்கள். புழல் ஏரி நீரை வடித்துச் சென்னைக்கு வழங்கக் கீழ்ப்பாக்கத்தில் 1914-ல் மெது மணல் வடிகட்டிகள் அமைக்கப்பட்டன. இவ்வகைப் படுகையில் மணலின் மேல் உயிர்ப்படலம் ஒன்று வளரும்; நீரைத் தூய்மையாக்குவதில் பெரும்பங்கு அதற்கே. படலம் தடித்து நீர் குறைந்தால் முழு மணலையும் கழுவுவதில்லை. மேலே ஓரிரு செ.மீ. மட்டும் சுரண்டி எடுப்பார்கள். அதையும் எல்லாப் படுகையிலும் ஒரே சமயத்தில் செய்யமாட்டார்கள்.

வீட்டிலும் அதே வழிதான். தொட்டியிலிருந்து ஒரு வாளி நீர் எடுத்து, அதிலேயே ஸ்பாஞ்சை மூன்று நான்கு முறை பிழிய வேண்டும். பழுப்பு நிறம் போகும்வரை கசக்கக் கூடாது. இரண்டு ஸ்பாஞ்சு இருந்தால் இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் மற்றொன்று. தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டியாயின் மின்வெட்டின்போதும் கவனம் தேவை. உள்ளே அடைபட்ட நீரின் ஆக்சிஜனைப் பாக்டீரியாக்களே சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டு மடியத் தொடங்கும். நீண்ட மின்வெட்டிற்குப் பின், உள்ளிருக்கும் நாற்ற நீரைக் கொட்டிவிட்டே பம்பை ஓட்ட வேண்டும்.

மிஞ்சிய மீன்களைக் காப்பாற்ற, குளோரின் போகும்படி ஒரு நாள் திறந்து வைத்த நீரைக்கொண்டு தினமும் தொட்டி நீரில் கால் பங்கை மாற்றும்படியும், தீனியைக் குறைக்கும்படியும் சொன்னேன். ஐந்து மீன்கள் பிழைத்தன. மாணவர் வீட்டு நாட்காட்டியின் ஓரத்தில் '9 விநாடி' என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. 15 ஆகும்போது ஒரு ஸ்பாஞ்சை மட்டும் பிழிவதாக ஏற்பாடு.