வெள்ளத்தில் இறங்கிய ஜீப்: ஸ்டார்ட் ஆனால் மட்டும் போதுமா?

"தண்ணி டயர் வரைக்கும்தான் தம்பி வந்துச்சு. இன்ஜின் பக்கா!"

தூத்துக்குடிப் பக்கம் செகண்ட் ஹேண்ட் தார், ஜிப்ஸி தேடுபவர்களிடம் இப்படி யாராவது சொன்னால், ஒரு தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17, 18. அப்போது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணியும் பொங்கி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் முதல் தூத்துக்குடி நகரம் வரை தண்ணீர்க்காடு.

எல்லா வண்டியும்தானே நனைந்தது, ஜீப்புக்கு மட்டும் என்ன தனி பயம்?

வெள்ளத்தில் சும்மா நின்ற காரை, செல்ஃப் அடிக்காமல் சுத்தம் செய்தால் இன்ஜின் தப்பிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் 4x4 வண்டியை ஓனர் நிறுத்தி வைத்திருக்க மாட்டார். 'போயிடலாம்' என்று இறக்கியிருப்பார். 2020-ல் வந்த புதிய தாருக்கு கம்பெனி சொல்லும் தண்ணீர் ஆழம் 650 மி.மீ. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

அதைத் தாண்டினால் ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போகலாம். பிஸ்டன் காற்றை அழுத்தும். தண்ணீரை அழுத்த முடியாது. முட்டி நிற்கும்போது கனெக்டிங் ராட் வளையும். இதுதான் 'ஹைட்ரோலாக்'. கம்ப்ரஷன் அதிகம் என்பதால் டீசல் இன்ஜினுக்கு அடி இன்னும் பலம்.

வில்லங்கம் என்னவென்றால், லேசாக வளைந்த ராடோடும் இன்ஜின் ஓடும்! தண்ணீரை வடித்து, ஆயில் மாற்றினால் டெஸ்ட் டிரைவில் ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து பைபாஸில் மிதிக்கும்போது ராட் முறிந்து பிளாக்கையே உடைக்கலாம்.

சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில் ஹைட்ரோலாக்குக்கு பொதுவாக க்ளைம் கிடைக்காது. இன்ஜின் புரொடெக்ஷன் தனியாக எடுத்திருக்க வேண்டும். எடுக்காதவருக்கு, மேலோட்டமாகச் சரிசெய்து விற்கத்தானே தோன்றும்?

அதனால் "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நிறம் சரியாக இருந்தாலும் நம்ப வேண்டாம், ஆயிலை நேற்றுகூட மாற்றியிருக்கலாம். உங்கள் மெக்கானிக்கை வைத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். ராட் வளைந்தால் பிஸ்டன் முழு உயரத்துக்கு வராது. அந்த சிலிண்டரின் அளவு மட்டும் குறையும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் சேற்றுக்கோடு, ஒயரிங் கனெக்டரில் பச்சைப் பூப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். உப்பளம் சூழ்ந்த ஊர் இது.

பழைய ஜீப் என்றால் இன்னொன்று. இன்ஜின் போனதும் வேறு இன்ஜின் மாட்டியிருப்பார்கள். அதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிய வேண்டும். பிளாக்கில் உள்ள நம்பரும் ஆர்.சி.யில் உள்ள நம்பரும் ஒத்துப்போகாவிட்டால், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் இரண்டிலும் அலையப்போவது வாங்கியவர்தான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே டார்ச் அடித்து நம்பரைப் படித்துவிடுங்கள்.