கத்திக்கு ஓர் உறை: வீட்டிலேயே தைக்கலாம்

ரந்தாவ், கோலா சாவா வட்டாரத்தில் காலையில் தோட்டத்துக்குப் புறப்படும் மோட்டார் சைக்கிள்களைக் கவனித்தால், பாராங் கத்தி பெரும்பாலும் சாக்குத் துணியில் சுற்றியோ பழைய டியூப் ரப்பரால் கட்டியோதான் இருக்கும். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் சுற்றிய துணி நழுவிவிடும். தொடையிலோ கெண்டைக்காலிலோ வெட்டு விழுந்தால், நாள் சம்பளக்காரருக்கு ஒரு வாரக் கூலியே போய்விடும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் கவலை இன்னும் அதிகம்.

இதற்கு மாற்று ஒரு தோல் உறை. தையல் இயந்திரமோ பெரிய முதலீடோ தேவையில்லை. வார இறுதியில் இரண்டு நாள் பொறுமையாக உட்கார்ந்தால் முதல் உறை தயாராகிவிடும்.

தோல் தேர்வு

எந்தத் தோலும் உதவும் என்று எண்ணி, பழைய சோபாவையோ கைப்பையையோ வெட்ட வேண்டாம். அவை பெரும்பாலும் குரோமிய உப்பால் பதனிட்டவை. அந்தத் தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் கத்தியின் வடிவத்தைப் பிடித்து நிற்காது. இரும்பும் அதில் சீக்கிரம் துருப்பிடிக்கக்கூடும்.

உறைக்கு ஏற்றது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். கடையில் ‘வெஜிடபிள் டேன்’ என்று கேட்டால் கிடைக்கும். இது நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டார்கள். திண்டுக்கல், திருச்சி போன்ற ஊர்கள் இதற்குப் பெயர்பெற்றவை. அந்தத் தொழிலாளர்களை ஊர் ஒதுக்கி வைத்தது. அவர்கள் பதனிட்ட தோலோ மெட்ராஸிலிருந்து கப்பலேறி பிரிட்டன் வரை போனது.

தோலின் தடிமன் 3 முதல் 3.5 மில்லிமீட்டர் இருக்கட்டும். முழுத் தோல் வாங்க வேண்டியதில்லை, துண்டுத் தோலே போதும்.

தேவையான கருவிகள்

கூர்மையான வெட்டுக்கத்தி, இரும்பு அளவுகோல், தோல் தைக்கும் முனை மழுங்கிய ஊசி இரண்டு, மெழுகு பூசிய தடித்த நூல், துளையிடும் குத்தூசி, செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் பசை, உப்புத்தாள், தேன்மெழுகு. குத்தூசி இல்லாவிட்டால் 1.5 மில்லிமீட்டர் துளையிடும் டிரில் போதும்.

செய்முறை

முதல் முயற்சிக்கு நீளமான பாராங் வேண்டாம். 15 சென்டிமீட்டர் அலகுள்ள சிறு கத்தியில் தொடங்குங்கள்.

முதலில் தடித்த காகிதத்தில் மாதிரி வரையுங்கள். காகிதத்தின் நடுவில் ஒரு கோடு போட்டு, கத்தியின் முதுகை அதன்மேல் வையுங்கள். வெட்டும் விளிம்பிலிருந்து 1.5 சென்டிமீட்டர் தள்ளி வெளிக்கோடு போடுங்கள். பிறகு கத்தியை மறுபக்கம் புரட்டி அதேபோல் வரையுங்கள். கைப்பிடியின் அடிப்பகுதி 3 சென்டிமீட்டர் அளவு உறைக்குள் போகும்படி நீளம் விடுங்கள். காகிதத்தை மடித்துக் கத்தியை நுழைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் தோலை வெட்டுங்கள்.

இடுப்பு வார் நுழையும் பட்டையை இப்போதே பின்பக்கத்தில் தைத்துவிடுங்கள். உறையை மூடித் தைத்த பிறகு உள்ளே கை போகாது.

அடுத்தது மிக முக்கியமான படி. 1 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தோல் பட்டை வெட்டி, தையல் விழும் ஓரத்தில், இரண்டு மடிப்புக்கும் நடுவே ஒட்ட வேண்டும். இந்த நடுப்பட்டை இல்லாவிட்டால் கத்தியின் கூர் நேராக நூலில் படும். நாளடைவில் நூல் அறுந்து, அலகு பக்கவாட்டில் வெளியே வந்துவிடும். துணிச் சுற்றலை விட இது ஆபத்து, உறை இருக்கிறது என்று நம்பிக் கை வைப்போம் அல்லவா?

பசை காய்ந்ததும் ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே கோடு போட்டு, 4 அல்லது 5 மில்லிமீட்டருக்கு ஒரு துளை இடுங்கள். தைக்க வேண்டிய நீளத்தைப் போல் எட்டு மடங்கு நூலும், ஊசியில் கோக்கக் கொஞ்சம் கூடுதலும் எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியையும் எதிரெதிராக நுழைத்து இழுங்கள். இப்படித் தைத்தால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். கடைசியில் மூன்று துளை பின்னோக்கித் தைத்து முடியுங்கள். நுனியில் மழைநீர் வடிய ஒரு சிறு துளை விடுங்கள்.

பிறகு உறையை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் நனையுங்கள். கத்திக்கு எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி உள்ளே வைத்து, விரலால் அழுத்தி வடிவம் கொடுங்கள். வடிவம் பிடித்ததும் கத்தியை எடுத்துவிட்டு, ஒருநாள் முழுக்க நிழலில் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். காய்ந்ததும் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, தேன்மெழுகு பூசுங்கள். எண்ணெயை அதிகம் ஊற்றினால் உறை தொளதொளத்துவிடும்.

பராமரிப்பும் சட்டமும்

நம் நாட்டு ஈரப்பதத்தில் தோலில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரக் கத்தியை உறைக்குள் வைக்காதீர்கள். பல நாள் பயன்படுத்தாவிட்டால் கத்தியைத் தனியே எண்ணெய் தடவி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று. தாக்கும் ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். உறை இருக்கிறது என்பதற்காகக் கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கடைக்குப் போக வேண்டாம். வழியில் பைக்குள் இருக்கட்டும். வேலைக்காட்டில் இறங்கிய பிறகு இடுப்பில் கட்டுங்கள்.

சிறு கத்திக்கு உறை தைத்துக் கை பழகியவருக்கு, பாராங்குக்கு உறை தைப்பது எளிது. முறை ஒன்றுதான், அளவுதான் மாறும்.