நடைபாதையில் ஒரு மர ஆவணம்

பாஸ்டன் நகரின் ஆர்னால்டு மரப்பூங்காவுக்கு வருபவர்களில் பலருக்கு அது காலாற நடக்க நல்ல இடம், அவ்வளவுதான். 281 ஏக்கர், வளைந்து செல்லும் பாதைகள், அனுமதி இலவசம். ஆனால் 1872-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தொடங்கிய இந்த இடத்தின் உயிர்நாடி நிழல் அல்ல, பதிவேடு. மரத்தில் தொங்கும் சிறு தகட்டைப் பாருங்கள்: தாவரவியல் பெயர், பதிவெண், எங்கிருந்து வந்தது என்ற விவரம். முதல் இயக்குநர் சார்லஸ் சார்ஜென்ட்டும் பூங்கா வடிவமைப்பாளர் ஓம்ஸ்டெட்டும் உறவுள்ள மரங்களை அருகருகே நட்டார்கள். அதனால் பாதையில் நடப்பவர் மேப்பிள் இனங்களை ஒப்பிட்டபடியே ஓக் இனங்களுக்குப் போய்ச் சேர்கிறார்.

உள்ளூர்க் காடு இருக்க, அயல்நாட்டு மரங்கள் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், கிழக்கு அமெரிக்காவின் ஹெம்லாக் மரங்களை அழித்துவரும் பூச்சியே ஜப்பானிலிருந்து வந்ததுதான். ஆனால் சீன ஹெம்லாக் அந்தப் பூச்சியைத் தாங்கி நிற்கிறது என்பதும் இத்தகைய சேகரிப்புகளில் வளர்த்துப் பார்த்ததால்தான் உறுதியானது. சீனாவில் அழிவின் விளிம்பில் இருந்த மெட்டாசெக்கோயா மரத்தின் விதைகள் 1948-ல் இங்கே வந்து, இங்கிருந்து பல நாடுகளுக்குப் போயின.

இது பல்கலைக்கழகத்தின் வேலை, நகரத்துக்கு என்ன லாபம் என்றும் கேட்கலாம். 1882 ஒப்பந்தப்படி நிலம் நகரத்துக்குச் சொந்தம். பல்கலைக்கழகத்துக்கு ஆயிரம் ஆண்டுக் குத்தகை. மரங்களைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்கிறது, மக்களுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. ஒரு மரத்தின் ஆயுள் பல தலைமுறை; அதைப் பராமரிக்கும் ஏற்பாடும் அந்த அளவுக்கு நீள வேண்டும்.