ஒளிக் கோடும் குண்டின் வழியும்

பம்மலிலிருந்து புறப்பட்டுப் பல்லாவரத்தைக் கடந்து வடக்கே திரும்பினால் பரங்கிமலை கண்ணில் படும். அம்மலையின் அடிவாரத்தில் 1802ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 10ந் தேதி வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கில அதிகாரி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அந்த ஒரு கோட்டை ஆதாரமாகக் கொண்டே பாரத தேசத்தின் மகத்தான நில அளவை ஆரம்பமாயிற்று. கோணங்களை அளந்து, கணக்கினாலே தூரங்களைக் கண்டுகொண்டு, மலைக்கு மலை தாவி அவர்கள் சென்றார்கள். ஆயினும் கணக்கு சொன்னதை அவர்கள் வேதவாக்காகக் கொண்டுவிடவில்லை. 1804இல் பெங்களூருக்கருகே மற்றொரு கோட்டைத் தரையிலேயே அளந்து, கணக்கு தந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கோடு இழுப்பது ஒரு காரியம்; இழுத்த கோடு சரிதானா என்று சோதிப்பது மற்றொரு காரியம். முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதை மறப்பவன் எந்தத் தொழிலிலும் ஏமாந்தே போவான்.

இந்த உண்மையை இன்று நாம் நினைவுகூருவதற்குக் காரணம் ஒரு சிறு கருவி. "லேஸர் போர்சைட்டர்" என்பது அதன் பெயர். ஒரு சிறு பேனாவின் பருமனுக்கு மேற்படாத அக்கருவி, துப்பாக்கிக் குழலின் நடு அச்சு எத்திசையை நோக்குகிறதோ அத்திசையில் ஓர் ஒளிக் கற்றையைச் செலுத்துகிறது. எதிரே சுவரிலோ இலக்குத் தாளிலோ ஒரு சிவப்பு அல்லது பச்சைப் புள்ளி விழுகிறது. அப்புள்ளிக்கு நேராகத் துப்பாக்கியின் குறியையோ, அதன்மேல் பூட்டிய தூரதரிசினியாகிய ஸ்கோப்பையோ திருப்பிவிட்டால் குறி சரியாய்விட்டதென்று பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் பாதி உண்மை. துப்பாக்கி விஷயத்தில் பாதி உண்மை முழுப் பொய்யைக் காட்டிலும் அபாயகரமானது.

துப்பாக்கியோடு அரசியல் ஊழியர்களுக்கு என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் பழமையானது. 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இந்தியனைத் தன் சொந்த நாட்டிலேயே நம்பத்தகாதவனாக நடத்திற்று. 1887இல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் அச்சட்டத்தைத் திருத்தவேண்டுமென்று தீர்மானித்தது. 1931இல் கராச்சி காங்கிரஸ், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதையும் பிரஜைகளின் உரிமைகளில் ஒன்றாகச் சொல்லிற்று. சுதந்திரம் வந்தது. 1959ஆம் வருஷத்துச் சட்டம் லைசென்ஸ் முறையை வகுத்தது. 2019இல் வந்த திருத்தம், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை இரண்டாகக் குறைத்தது. கொண்டாட்டங்களில் பிறர் உயிருக்கு அபாயம் விளையும்படி சுடுவதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. அன்று துப்பாக்கி அந்நியன் கையில் இருந்தது. இன்று அது நம் ராணுவத்தின் கையிலும், நம் போலீஸாரின் கையிலும், லைசென்ஸ் பெற்ற நம் சகோதரர்களின் கையிலும் இருக்கிறது. ஆகவே அது எங்கே சுடுகிறது என்று கேட்பது நமது உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.

பரங்கிமலையிலேயே 1963இல் ராணுவ அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. இப்போது கலாசாலை எனத்தக்க பெரிய ஸ்தாபனமாக விளங்கும் அவ்விடத்தில் 1992 முதல் யுவதிகளும் பயிற்சி பெற்று வருகிறார்கள். திருச்சிராப்பள்ளியில் 1966 முதல் இயங்கிவரும் தொழிற்சாலையில் ரைபிள்கள் உற்பத்தியாகின்றன. துப்பாக்கி என்பது தமிழ்நாட்டுக்கு எட்டாத விஷயமன்று.

இனி விஷயத்துக்கு வருவோம். துப்பாக்கியில் இரண்டு கோடுகள் உண்டு. கண்ணிலிருந்து குறி வழியாக இலக்குக்குச் செல்லும் பார்வைக் கோடு ஒன்று. குழலின் நடுவே செல்லும் அச்சுக் கோடு மற்றொன்று. குறி குழலுக்கு மேலே இருப்பதால் இவ்விரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. ஓரிடத்தில் சந்திக்குமாறு செய்யத்தான் முடியும். இவற்றோடு மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அது குண்டு உண்மையிலே போகும் வழி. அது கோடே அன்று, வளைவு. குழலை விட்டு வெளிவந்த கணமே பூமியின் ஆகர்ஷணம் குண்டைக் கீழே இழுக்கத் தொடங்கிவிடுகிறது. குண்டு முதலில் மேலே எழும்பிப் பின்னர் இறங்குகிறதென்று சொல்வார்கள். அவ்வாறு தோன்றுவது, பார்வைக் கோட்டை நோக்கிக் குழலைச் சற்று நிமிர்த்தி வைத்திருப்பதனாலேதான். குழலின் அச்சுக்கு மேலே குண்டு தானாக ஒருநாளும் எழுவதில்லை.

லேஸர் காட்டுவது அச்சுக் கோட்டை மட்டுமே. ஒளிக்கு இறக்கமில்லை, காற்று அதைத் தள்ளுவதில்லை. குண்டுக்கோ இரண்டும் உண்டு. இதை ஒரு கணக்கினால் விளக்குவோம். வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் குண்டை வெளியேற்றும் ஒரு ரைபிளை எடுத்துக்கொள்வோம். அதன் ஸ்கோப் குழலின் நடுவிலிருந்து 5 செண்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைப்போம். 100 மீட்டர் தூரம் செல்வதற்குள் அக்குண்டு ஏறக்குறைய 8 செண்டிமீட்டர் இறங்கிவிடும். 25 மீட்டரில் சுவரில் விழும் ஒளிப்புள்ளிமேல் ஸ்கோப்பின் குறுக்குக் கம்பியைப் பொருத்துகிறோம். பார்வைக் கோடு அங்கே அச்சைச் சந்தித்து, அதற்கப்பால் கீழே செல்கிறது. 100 மீட்டரில் அது அச்சுக்கு 15 செண்டிமீட்டர் கீழே இருக்கும். குண்டோ 8 செண்டிமீட்டர்தான் இறங்கியிருக்கும். ஆகவே குண்டு, குறி பார்த்த இடத்துக்கு 7 செண்டிமீட்டர் மேலே படும். அதே ஒளிப்புள்ளியை 50 மீட்டரில் பொருத்தியிருந்தால் 3 செண்டிமீட்டர் கீழே படும். 100 மீட்டரிலேயே பொருத்தியிருந்தால் 8 செண்டிமீட்டர் கீழே படும். துப்பாக்கி ஒன்றே, ஒளி ஒன்றே, குண்டும் ஒன்றே. பொருத்திய தூரம் மாறியதும் முடிவு மூன்றாகப் பிரிந்துவிடுகிறது!

இதனால் கருவி பயனற்றதென்று நாம் சொல்லவரவில்லை. புதிதாக ஸ்கோப் பூட்டிய துப்பாக்கியில் முதல் குண்டு இலக்குத் தாளிலேயே படாமல் போவதுண்டு. எங்கே போயிற்றென்று தெரியாமல் தோட்டாவுக்கு மேல் தோட்டாவாக விரயமாகும். தாளை விட்டு விலகிய ஒவ்வொரு குண்டும் மண்மேட்டைத் தாண்டக்கூடிய குண்டுமாகும். லேஸர் இவ்விரயத்தையும் இவ்வபாயத்தையும் வெகுவாகக் குறைக்கிறது. முற்காலத்தில், போல்ட்டைக் கழற்றக்கூடிய ரைபிளை மணல் மூட்டையின்மேல் அசையாமல் வைத்து, பின்புறமிருந்து குழலின் வழியே இலக்கைப் பார்த்து, பிறகு குறியை அதற்கு இசைய வைப்பார்கள். இன்றைய துப்பாக்கிகள் பலவற்றில் அவ்வாறு பின்புறமிருந்து பார்க்க இடமில்லை. அங்கே இந்த ஒளிக் கருவி கை கொடுக்கிறது.

ஆனால் கருவியையும் சோதிக்க வேண்டும். குழல் முனையில் செருகும் ரகமானால், ஒளி எரியும்போதே அதை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். புள்ளி ஒரே இடத்தில் நின்றால் நல்லது. வட்டமிட்டால், ஒளி கருவியின் உடலுக்கு நேராக இல்லையென்று அர்த்தம். அப்போது அந்த வட்டத்தின் மையத்தையே அச்சாகக் கொள்ளவேண்டும். கருவி காட்டிய புள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவன், முத்திரையில்லாத படிக்கல்லால் எடை போடும் வியாபாரிக்குச் சமானம்.

அதன்பின் செய்யவேண்டியது சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டுப் பார்ப்பதே. முதலில் 25 மீட்டரில் தாளில் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு வேண்டிய தூரத்துக்குச் செல்ல வேண்டும். எந்தத் தோட்டாவைப் பின்னர் உபயோகிக்கப் போகிறோமோ அதே ரகத்தையே இப்போதும் உபயோகிக்க வேண்டும். எடையும் வேகமும் மாறினால் குண்டு படும் இடமும் மாறும். மூன்று முறை ஒரே குறியில் சுட்டு, மூன்றின் நடுவிடத்தைக் காணவேண்டும். ஒற்றைக் குண்டைப் பார்த்து ஸ்கோப்பைத் திருகுவது, ஒரு சாட்சியை மட்டும் விசாரித்துத் தீர்ப்பெழுதுவது போலாகும். பல ஸ்கோப்புகளில் திருகின் ஒரு சொடுக்கு, கோணத்தில் கால் நிமிஷம்; 100 மீட்டரில் அது சுமார் 7 மில்லிமீட்டர். நாம் கணக்கிட்ட 7 செண்டிமீட்டர் பிழையைத் தீர்க்க ஏறக்குறைய 10 சொடுக்குப் போதும். ஸ்கோப் இல்லாத துப்பாக்கியானால் விதி எளிது: குண்டு எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்த வேண்டும், முன்குறியையானால் அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்த வேண்டும். பின்பு மறுபடி மூன்று குண்டு. அதன் பிறகே குறி சரியென்று எழுதிக் கையொப்பமிடலாம்.

நேற்றுச் சரியாக இருந்த குறி இன்றும் சரியாக இருக்குமென்ற நிச்சயம் உண்டா? 2008ஆம் வருஷம் ஆகஸ்டு 11ந் தேதி பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபிநவ் பிந்த்ரா 10 மீட்டர் காற்று ரைபிள் இறுதிச் சுற்றுக்கு நின்றார். போட்டிக் கணக்கில் சேராத ஆயத்தச் சூட்டில் அவர் சுட்டது 4 என்று விழுந்தது. தகுதிச் சுற்றுக்குப் பின் தம் துப்பாக்கியின் குறி மாறியிருந்ததென்று அவரே பின்னர் கூறியிருக்கிறார். இருந்த சில நிமிஷங்களில் அதைச் சரிப்படுத்திக்கொண்டு, கணக்கில் சேரும் முதல் சூட்டில் 10.7 எடுத்தார். 700.5 என்ற மொத்தத்தோடு, தனிப் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தையும் பெற்றார். ஆயத்தச் சூடு இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிழை அங்கே தெரிந்ததற்குக் காரணம், தாளில் பட்ட குண்டே ஒழிய வேறன்று.

விளையாட்டில் பிழைத்தால் பதக்கம் போகும். மற்ற இடங்களில் பிழைத்தால் உயிர் போகும். 2021ஆம் வருஷம் டிசம்பர் 30ந் தேதி, புதுக்கோட்டை ஜில்லா நார்த்தாமலைக்கு அருகே பசுமலைப்பட்டிச் சுடுதளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, தன் தாத்தா வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவன்மீது ஒரு குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3ந் தேதி அச்சிறுவன் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மாண்டான். அங்கே குறியமைப்பில்தான் பிழை இருந்ததென்று நாம் சொல்லவில்லை. சொல்லவேண்டியது வேறு. குழலை விட்டுப் புறப்பட்ட குண்டு எங்கேனும் போய்த்தான் விழும். அது விழும் இடத்தில் ஒரு வீடும், வீட்டில் ஒரு குழந்தையும் இருக்கக்கூடும். நம் பம்மலுக்குத் தெற்கே, சிங்கப்பெருமாள்கோயிலை அடுத்த அனுமந்தபுரத்திலும் சுடுதளம் இருக்கிறது. அதைச் சுற்றியும் ஊர்கள் இருக்கின்றன. சுடுமுன் குறியைச் சோதிப்பதும், சுடுமிடத்தின் பின்னால் உயர்ந்த மண்மேடு எழுப்புவதும் ஒரே கடமையின் இரு கைகள்.

இக்கருவியால் விளையக்கூடிய தீங்குகளும் இரண்டுண்டு. துப்பாக்கியின் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் நிச்சயித்துக்கொள்ளாமல் கருவியைத் தொடவே கூடாது. குழல் முனையில் செருகிய கருவியை எடுக்க மறந்து விசையை இழுத்தால் குழலே வெடித்துச் சிதறி, சுட்டவனையே அழிக்கும். இரண்டாவது, ஒளி கண்ணைக் கெடுக்கும். பம்மலுக்கு வடகிழக்கே மீனம்பாக்கம் விமான நிலையம் இருக்கிறது. 2025இல் அங்கே இறங்க வந்த விமானங்கள்மீது லேஸர் ஒளி பாய்ச்சப்பட்டதும், போலீஸார் எச்சரித்ததும் நினைவிருக்கும். மொட்டை மாடியில் நின்று வானத்தை நோக்கிப் புள்ளி வீசுவது விளையாட்டன்று. நூற்றுக்கணக்கான பிரயாணிகளின் உயிரோடு ஆடும் சூது.

நாம் வேண்டுவது அதிகமில்லை. பொது ஜனங்களின் பணத்தால் வாங்கிய எந்தத் துப்பாக்கியும் ஒளிப் புள்ளியை மட்டும் நம்பிச் சரியென்று சான்று பெறக்கூடாது. சுட்டுப் பார்த்த தூரமும், தோட்டாவின் ரகமும், தாளில் பட்ட இடமும், சோதித்தவர் பெயரும் புத்தகத்தில் ஏறவேண்டும். ஊருக்கருகே உள்ள ஒவ்வொரு சுடுதளத்தையும் அவ்வூரார் அறியும்படி பரிசோதிக்க வேண்டும். லைசென்ஸ் பெற்ற குடியானவரும் இவ்விதியைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டும்.

பரங்கிமலையில் கோடிட்டவர்கள் பெங்களூரில் அதைச் சோதித்தார்கள். அவர்கள் அளந்தது நிலம். பிழைத்திருந்தால் வரைபடம் கெட்டிருக்கும். துப்பாக்கிக்காரன் பிழைத்தால் கெடுவது ஒரு குடும்பம். ஒளி வழி காட்டட்டும். சாட்சி சொல்லவேண்டியது தாளில் பட்ட குண்டு.