நம் கைக்கு ஏற்ற வேலை



தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு ஓர் இளைஞர் பங்கு இல்லத்துக்கு வந்தார். ஐ.டி.ஐ. படித்தவர். ஒரு தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறார். மாதம் தவறாத சம்பளம், பி.எஃப்., ஊர் முனைக்கே வரும் கம்பெனி பஸ் எல்லாம் உண்டு. "ஆனா ஃபாதர், வேலைக்குக் கிளம்பும்போதே மனசு கனமாயிடுது. நாள் முழுக்க ஒரே போல்ட்டை முடுக்கிட்டு நிக்கிறேன். நைட் ஷிப்ட் வந்தா பிள்ளையோட முகத்தையே பார்க்க முடியல. ஞாயிறு பூசைக்கு வந்தும் ரொம்ப நாளாச்சு. வேலையை விட்டுடலாமா?" என்று கேட்டார்.

'விட்டுவிடு' என்று சொல்வது எனக்கு எளிது. ஆனால் மாதம் பிறந்தால் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டப்போவது நான் அல்லவே! 'பொறுத்துக்கொள்' என்று சொல்லவும் மனம் வரவில்லை. சற்று நேரம் இருவரும் பேசாமல் இருந்தோம்.

மறைமலை நகர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கும் பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவனங்களுக்கும் பிள்ளைகளை அனுப்பும் நம் குடும்பங்கள் பலவற்றிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. 'நிலையான வேலை' என்று நாம் நம்பியதும் எப்போதும் நிலைப்பதில்லை. மறைமலை நகரில் ஃபோர்டு நிறுவனம் 2021இல் அறிவித்து, 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியபோது எத்தனை வீடுகள் கலங்கின! அப்படியானால் நமக்கு ஏற்ற வேலையை எப்படிக் கண்டுகொள்வது? இதற்கு விடை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் கடற்கரையில் வாழும் இருளர் மக்களைப் பார்த்தாலே போதும்.

தோல் விற்றவர்கள்

செங்கல்பட்டு மாவட்டத்தில் வாழும் இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடிப்பதில் வல்லவர்கள். மண்ணில் கிடக்கும் மங்கலான தடம், வளை வாசலில் கிடக்கும் எச்சம், உரித்துப்போட்ட சட்டை ஆகியவற்றைப் பார்த்தே உள்ளே இருப்பது எந்தப் பாம்பு என்று சொல்லிவிடுவார்கள். ஒரு காலத்தில் பாம்பைக் கொன்று, தோலை வியாபாரியிடம் விற்றுப் பிழைத்தார்கள். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. அந்த மக்களின் பிழைப்பு நின்றது.

அவர்களிடம் மீதி இருந்தது ஒன்றுதான்: பாம்பைப் பற்றிய அறிவு. அதை வைத்தே 1978இல், ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் செல்லும் வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்குகிறது.

இப்போது அவர்கள் பாம்பைக் கொல்வதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து வந்து, மண்பானைகளில் மூன்று நான்கு வாரம் வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் சில முறை நஞ்சு எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் சிறு அடையாளமிட்டு, காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பை உடனே மீண்டும் பிடிக்காதிருக்கவே அந்த அடையாளம். நஞ்சைப் பொடியாக்கி மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். அந்த நிறுவனங்கள் அதைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைக் கொண்டு நஞ்சுமுறிவு மருந்து தயாரிக்கின்றன. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. வயலில் கடிபட்ட ஓர் ஏழை விவசாயி உயிர்பிழைக்கிறார் என்றால், அதில் இருளர்களின் உழைப்புக்கும் பங்கு உண்டு.

அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரை 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் மலைப்பாம்பு பிடிக்க அழைத்தது. முதல் இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நமக்கான மூன்று பாடங்கள்

முதலாவது, கையில் இருப்பதை அறிவது. ஆடு மேய்த்த மோசே தன்னால் இயலாது என்று தயங்கியபோது, அவர் கையில் இருந்த கோலைத்தான் ஆண்டவர் சுட்டிக்காட்டினார் (விப 4:1-5). அது பாம்பாக மாறியது. அஞ்சி ஓடிய மோசேயை, அதன் வாலைப் பிடிக்கச் சொன்னார். மீண்டும் கோலானது. அந்தக் கோலுடனே அவர் எகிப்துக்குப் போனார். எந்த உதவிக்காக மற்றவர்கள் உங்களைத் தேடி வருகிறார்கள்? அங்கேதான் உங்கள் கோல் இருக்கிறது.

இரண்டாவது, யாருக்குப் பயன் என்று பார்ப்பது. இருளர்களின் திறமை மாறவில்லை, பாம்பும் மாறவில்லை. நோக்கம்தான் மாறியது. தோலுக்காகக் கொன்ற கைகள் உயிர்காக்கும் கைகளாயின. தன் உழைப்பால் வாழ்வு பெறும் முகத்தைக் காண்கிறவருக்கே வேலையில் நிறைவு கிடைக்கிறது.

மூன்றாவது, அளவு அறிவது. குறிப்பிட்ட நாட்களுக்குமேல் பாம்பையே பிடித்து வைப்பதில்லை. மனிதருக்கு மட்டும் ஓய்வு வேண்டாமா? பிள்ளையோடு உண்ணவும், ஆண்டவரின் நாளை அனுசரிக்கவும் இடம் தராத வேலையின் சம்பளச் சீட்டில் ஒரு பிடித்தம் எழுதப்படாமலே இருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. இருளர்களின் தொழில் ஆபத்தானது. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை அரசின் அனுமதியே தீர்மானிக்கிறது. மனநிறைவைக் காட்டிக் கூலியைக் குறைப்பது அநீதி. நியாயமான கூலி தொழிலாளியின் உரிமை என்று 1891லேயே திருத்தந்தை 13ஆம் லியோ தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். வேலைக்காக மனிதர் அல்ல, மனிதருக்காகவே வேலை என்பதைப் புனித இரண்டாம் ஜான் பால் 1981இல் விளக்கினார். இருளர்களும் தனித்தனியே நிற்காமல் சங்கமாகச் சேர்ந்ததால்தான் தலைநிமிர்ந்தார்கள்.

அந்த இளைஞரிடம் நான் கேட்டது ஒன்றே: "தெருவில் உன்னை எதற்காகத் தேடி வருகிறார்கள்?" யோசித்துவிட்டு, "மோட்டார் ரிப்பேருக்கு, ஃபாதர். படகு இன்ஜினைக்கூடப் பார்ப்பேன்" என்றார். முகம் சற்று மலர்ந்தது. வேலையை அவர் விடவில்லை. அதே ஆலையில் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றம் கேட்டார். இருமுறை மறுத்தார்கள், மூன்றாம் முறை கிடைத்தது. இரவுப் படி இல்லாததால் கையில் வருவது கொஞ்சம் குறைவு. இப்போதும் சில ஞாயிறுகளில் அவரைக் காண முடிவதில்லை. ஆனால் வருகிற ஞாயிறுகளில் பிள்ளையைத் தோளில் சுமந்து வருகிறார்.

சிந்திப்போம்: என் கையில் ஆண்டவர் தந்திருப்பது என்ன? அது யாருக்குப் பயன்படுகிறது? என் வேலை என் வீட்டாருக்கு என்னை மீதி வைக்கிறதா?

செபிப்போம்: தச்சுப்பட்டறையில் உழைத்த இயேசுவே, வேலை தேடுவோருக்கும், வேலையில் சோர்ந்தோருக்கும் தங்கள் கையில் உள்ள கொடையைக் காணும் கண்களைத் தாரும். ஆமென்.