அறுவதற்கு முன்பே ஓய்ந்துவிடும் கம்பி

மொபைலில் உள்ள ட்யூனர் செயலி ஆறு கம்பிகளுக்கும் பச்சை காட்டுகிறது. ஆனால் ஜி கார்டைப் பிடித்து மீட்டினால் ஒலி ஒட்டாமல் நிற்கிறது. விரல் கழுத்திலிருந்து உடல் பக்கமாக நகர நகர அபசுரம் கூடுகிறது. புதிதாகக் கற்றுக்கொள்பவர் முதலில் தன் விரலைச் சந்தேகிப்பார், அடுத்து கிட்டாரை. மலிவாக வாங்கினால் இப்படித்தான் என்று வீட்டில் ஒருவர் சொல்லிவிடவும் செய்வார். பல நேரங்களில் விரல் மீதும் பிழையில்லை, கிட்டார் மீதும் பிழையில்லை. கடையில் வாங்கிய நாளிலிருந்து மாற்றப்படாத கம்பிதான் காரணம். ‘அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம்’ என்பது நம் வீடுகளில் எல்லாப் பொருளுக்கும் உள்ள கொள்கை. கிட்டார் கம்பிக்கு அது பொருந்தாது. அறுந்து போவது அதன் ஆயுளின் கடைசி நிகழ்ச்சி. இசை தரும் வேலையை அது அதற்கு வெகு முன்பே நிறுத்திவிட்டிருக்கும்.

ஒரு கம்பியின் சுருதியை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அதன் நீளம், அது இழுபட்டிருக்கும் விசை, ஒவ்வொரு அங்குலத்துக்கும் அதன் எடை. நீளத்தை விரல் மாற்றுகிறது, விசையை ட்யூனிங் கீ மாற்றுகிறது. எடை மட்டும் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த எடை முனைக்கு முனை ஒரே சீராக இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் 110 ஹெர்ட்ஸில் அதிரும் ஏ கம்பி, கூடவே 220, 330, 440 என்று அடுக்கடுக்கான துணைச் சுரங்களையும் ஒழுங்காகத் தரும். ஓரிடத்தில் துரு ஏறி, இன்னோரிடத்தில் வியர்வை உப்பு படிந்து, ஃப்ரெட்டில் பட்டுப் பட்டு அடிப்பக்கம் பள்ளம் விழுந்துவிட்டால் அந்தச் சீர் குலைகிறது. 12ஆவது ஃப்ரெட் ஏறக்குறைய கம்பியின் நடுவில் இருக்கிறது. சீரான கம்பியில் அங்கே அழுத்தினால் சரியாக ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். சீர் குலைந்த கம்பியில் பாதி நீளம் பாதியாக நடந்துகொள்வதில்லை. ட்யூனர் பச்சை காட்டியது பொய்யில்லை, அது சோதித்தது விரல் வைக்காத கம்பியை மட்டும்தான். வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிந்திருப்பதால், சுரம் விலகினால் மெட்டுகளை நகர்த்திப் பதித்து மறுபடி மேளம் கட்டிக்கொள்ளலாம். கிட்டாரின் ஃப்ரெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை, அவை நகர்ந்து கொடுக்காது. எனவே கம்பி ஒழுங்காக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தடித்த கம்பிகளின் கதை இன்னும் கொஞ்சம் மோசம். எஃகு நடுக்கம்பியின் மேல் வெண்கலக் கம்பியை நெருக்கமாகச் சுற்றித்தான் அவற்றைச் செய்கிறார்கள். அந்தச் சுற்றுகளுக்கு இடையில் விரலின் எண்ணெய்ப் பசையும் உதிர்ந்த தோலும் போய் அடைகின்றன. அடைந்த அழுக்கு அதிர்வைத் தின்கிறது. முதலில் சாவது மேல் துணைச் சுரங்கள், அதாவது புதுக் கம்பியில் கேட்கும் அந்தப் பளபளப்பு. மிஞ்சுவது ஒரு மொத்தையான ஒலி. இதைக் கண்டுபிடிக்கக் காதை மட்டும் நம்ப வேண்டாம், ஒலி மெல்ல மெல்ல மங்கும்போது காதும் கூடவே பழகிவிடுகிறது. 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டிப் பாருங்கள், பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக வர வேண்டும். அடுத்து, கம்பிக்கு அடியில் விரல்நுனியை ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்போ பள்ளமோ தட்டுப்பட்டால் மாற்ற வேண்டியதுதான். மாற்றிய பிறகும் சுருதி விலகினால் அப்போது பழுதுபார்ப்பவரிடம் போகலாம். கம்பியை மாற்றாமல் போனால் அவரும் முதலில் அதைத்தான் மாற்றுவார்.

‘நான் அதிகம் வாசிப்பதே இல்லையே’ என்று இதற்கு ஒரு பதில் வரும். கேட்க நியாயமாக இருந்தாலும், துருவுக்கு வாசிப்பு தேவையில்லை, காற்றும் ஈரமும் போதும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. மூலையில் சாய்த்து வைத்த கிட்டாரில், கடைசியாக வாசித்தவரின் வியர்வை துடைக்கப்படாமல் இருந்தால் சில வாரங்களிலேயே கம்பி கறுக்கத் தொடங்கும். 100 மணி நேர வாசிப்பு அல்லது 3 மாதம், எது முதலில் வருகிறதோ அது என்பது உலகெங்கும் சொல்லப்படும் தோராயக் கணக்கு. கை அதிகம் வியர்க்கிறவர்களுக்கு அந்தக் கணக்கே தாராளம்.

செலவு என்பது இதைவிட வலுவான மறுப்பு. மாணவர் ஒருவர் 3 மாதத்துக்கு ஒருமுறை புதுக் கம்பி வாங்க முடியுமா? ஆனால் கம்பியின் ஆயுளை நீட்டும் மிகச் சிறந்த வழிக்குக் காசே தேவையில்லை. வாசிக்கும் முன் கையைக் கழுவித் துடைப்பது, முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் சேர்த்துத் துடைப்பது, அவ்வளவுதான். கம்பியின் மேல் மெல்லிய பாலிமர் பூச்சு கொடுத்து வருபவை இன்னொரு வழி. எலிக்ஸிர் பிராண்டு 1990களின் பிற்பகுதியில் பரவலாக்கிய முறை இது, இப்போது பலரும் செய்கிறார்கள். விலை கூடுதல்தான், ஆனால் வியர்க்கும் கைக்கு அந்தக் கூடுதல் விலை திரும்பிவிடும். நைலான் கிட்டார் வைத்திருப்பவர்களுக்குச் செலவு இன்னும் குறையும். மெல்லிய மூன்று இழைகளும் வெறும் நைலான் என்பதால் அவை துருப்பிடிப்பதில்லை. உலோகம் சுற்றிய தடித்த மூன்றுதான் விரைவில் மங்கும், அவற்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பழைய கம்பியின் ஒலிதான் எனக்குப் பிடிக்கும் என்பவர்களும் உண்டு. அவர்கள் பக்கம் பெரிய சாட்சியே இருக்கிறது. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களுக்கு பேஸ் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தாலொழிய கம்பியை மாற்றமாட்டார் என்று பெயர்பெற்றவர். உலகம் கொண்டாடும் பேஸ் ஒலிகளில் ஒன்று அவருடையது. ஆனால் அவர் வாசித்தது மேற்பரப்பு வழுவழுப்பான, மிகத் தடித்த பேஸ் கம்பிகளில். பெரும்பாலும் ஒற்றைச் சுரங்களாக வாசிக்கிற அந்த வேலைக்கு மந்தமான, ஆழமான ஒலிதான் வேண்டியிருந்தது. ஆறு சுரங்களை ஒன்றாக மீட்டும் கிட்டாரில் சிறு விலகலும் உடனே பல்லை இளிக்கும். அவர் தேர்ந்தெடுத்துச் செய்ததை, சோம்பலுக்குச் சாக்காகச் சொல்லக்கூடாது.

மாற்றுவது என்று முடிவானதும் முதலில் கவனிக்க வேண்டியது, எந்தக் கிட்டாருக்கு எந்தக் கம்பி என்பது. இதில் தவறினால் கருவியே போய்விடும். இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை கிளாசிக்கல் கிட்டாருக்குக் குடல் நரம்புதான். போரில் அந்த நரம்பு அறுவைசிகிச்சைத் தையலுக்குத் தேவைப்பட்டதால் தட்டுப்பாடு வந்தது. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானில் செய்து பார்த்தார். புகழ்பெற்ற கலைஞர் ஆந்த்ரே செகோவியா அதை ஏற்றுக்கொண்டதும் நைலான் நிலைத்தது. நைலான் ஆறும் சேர்ந்து கிட்டாரை இழுப்பது சுமார் 40 கிலோ. சாதாரண எஃகுக் கம்பித் தொகுப்பு சுமார் 70 கிலோ. ‘சத்தம் கணீரென்று வரட்டும்’ என்று நைலான் கிட்டாரில் எஃகு மாட்டினால், உடலில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வரலாம், கழுத்து வளையலாம். பெரும்பாலான நைலான் கிட்டார்களில் வளைவைத் திருத்த உள்ளே இரும்புத் தண்டும் கிடையாது.

ஆறையும் ஒரே சமயத்தில் கழற்றினால் கழுத்து கெட்டுவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. சில மணி நேரம் இழுவிசை இல்லாமல் இருப்பதால் சாதாரண கிட்டாருக்கு எதுவும் ஆகாது. பிரிட்ஜ் ஒட்டப்படாமல் கம்பியின் அழுத்தத்திலேயே நிற்கும் ஜாஸ் கிட்டார்களும், ஸ்பிரிங் வைத்த சில மின்கிட்டார்களும்தான் விலக்கு. அவற்றுக்கு ஒவ்வொன்றாக மாற்றுவது நல்லது. இறுக்கமான கம்பியை வெட்டாதீர்கள், தளர்த்திய பிறகு வெட்டுங்கள். எஃகுக் கம்பிக் கிட்டாரில் பிரிட்ஜ் பின் வர மறுத்தால் கம்பியைச் சற்று உள்ளே தள்ளினால் போதும், பின் இளகிவிடும். புதுக் கம்பியின் குண்டு முனை, பின்னின் நுனியில் உட்காராமல் பலகையின் அடியில் போய்ப் பிடிக்க வேண்டும். பின்னை அழுத்திக்கொண்டே கம்பியை மேலே இழுத்தால் அது பிடிப்பது கையில் தெரியும். கீயில் 2, 3 சுற்று விழுமளவு தளர்வு விட்டு, சுற்றுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கும்படி சுற்றுங்கள். அதிகமாகச் சுற்றினால் அவை நெகிழ்ந்து நெகிழ்ந்து சுருதி இறங்கும். மாட்டியதும் கம்பியை விரலால் மெதுவாக இழுத்து இழுத்துச் சுருதி சேர்த்தால் எஃகு ஒரே நாளில் நிலைக்கும். நைலான் நிலைக்கச் சில நாட்கள் பிடிக்கும், அதைப் பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

கம்பி இல்லாத அந்த அரை மணி நேரம்தான் ஃப்ரெட் பலகையைச் சுத்தம் செய்ய வசதியான நேரம். ரோஸ்வுட் பலகை என்றால் துணியால் அழுக்கெடுத்து, வறண்டிருந்தால் மட்டும் அதற்கென விற்கும் எண்ணெயில் சில துளி தடவித் துடைக்கலாம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் வேண்டாம். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். வார்னிஷ் பூசிய மேப்பிள் பலகைக்கு எந்த எண்ணெயும் வேண்டாம். சுருதி கூட்டும்போது, கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் நட் பள்ளத்தில் ‘டிக்’ என்று சத்தம் வந்தால் பென்சில் நுனியை அங்கே தேய்த்தால் போதும். மரத்துக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். நம் கடற்கரைக் காற்றில் அது எளிதில் அமையாது. கிட்டாரைச் சுவரில் மாட்டாமல் உறைக்குள் மூடி வைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் காற்று நேரெதிராக வறளும் என்பதையும் மறக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் பிரிட்ஜைப் பிடித்திருக்கும் பசையே இளகும், 70 கிலோ இழுவையை அது எப்படித் தாங்கும்?

அடுத்த முறை கம்பி மாற்றியதும், வந்த காகித உறையிலேயே தேதியை எழுதி கிட்டார் பைக்குள் போட்டு வையுங்கள். எப்போது மாற்றினோம் என்று யாருக்கும் நினைவிருப்பதில்லை.