கண்ணாடி இழைப் பம்பர்

பெயர் ஒன்றாகவும் தொழில் வேறாகவும் ஆகிவிட்ட பொருள்கள் உலகில் பல உண்டு. மோட்டார்க் காரின் பம்பரும் சில வேளைகளில் அவ்வரிசையிற் சேர்ந்துவிடுகிறது. வண்டி எதன்மீதேனும் முட்டும்போது அந்த அடியைத் தான் வாங்கிக்கொண்டு, பின்னாலுள்ள விளக்குகளையும் தகட்டையும் காப்பதற்கென ஏற்பட்டதே பம்பர். ஆனால் பழைய வேகக் கார்களைப் புதுப்பிப்போர் பலர் அதனைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடி இழையால் வார்த்த மெல்லிய ஓடு ஒன்றை அவ்விடத்திற் பொருத்துகின்றனர். உருவம் பம்பரின் உருவமே, ஒரு கையால் தூக்கிவிடலாம், பார்வைக்கும் அழகு. அடியைத் தாங்கும் ஆற்றல் மட்டும் அதற்கு இல்லை. இதனை அறிந்து பொருத்துபவர் செய்யும் வேலை ஒரு விதமாகவும், அறியாது பொருத்துபவர் செய்யும் வேலை வேறு விதமாகவும் அமையும்.

மோட்டார்த் தொழிலை நம்பிப் புனே, குருகிராமம் முதலிய ஊர்களிற் குடியேறிய நம்மவர் வீடுகளில் இத்தகைய பேச்சு எழுவது இயல்பே. சொந்தத்தில் கார் இல்லாவிடினும், படத்தைப் பார்த்தே எந்தப் போல்ட் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லும் பிள்ளைகள் நம்மிடையே உளர். அவர்களுக்கு இவ்விஷயம் முழுவதும் புதிதாக இராது. அவர்களுடைய பெற்றோர்க்குச் சில செய்திகள் புதியனவாக இருக்கலாம்.

எடுத்துக்காட்டாக ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில் உருவாகும் போர்ஷே 911 காரை எடுத்துக்கொள்வோம். 1963 ஆம் ஆண்டு பிராங்பர்ட் கண்காட்சியில் 901 என்ற எண்ணோடு இக்கார் அறிமுகமாயிற்று. நடுவில் சுழி அமைந்த மூவிலக்க எண்கள் தமக்கே உரியவை என்று பிரெஞ்சு நிறுவனமான பெழோ உரிமை கொண்டாடியதால், நடுச்சுழி ஒன்றாக மாறி 911 ஆயிற்று. இதன் எஞ்சின் பின் அச்சுக்கும் அப்பால், வண்டியின் கடைக்கோடியில் இருக்கிறது. நாம் டிக்கி என்று சொல்லும் சாமான் அறை முன்புறத்தில் உள்ளது. பெட்ரோல் தொட்டியும் அந்த முன்னறையிலேயே அமைந்திருக்கிறது. இச்செய்தியை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இது தேவைப்படும்.

கண்ணாடி இழைப் பம்பர் என்பது பின்வந்த பட்டறைக்காரர்கள் கற்பித்த மலிவுச் சரக்கு என்று எண்ணுவோர் உண்டு. அது சரியன்று. 1967 இல் பந்தயத்திற்கென அந்நிறுவனமே சுமார் இருபது எண்ணிக்கையிற் செய்த 911 ஆர் என்னும் காரில் மட்கார்டுகள், கதவுகள், மூடிகள், பம்பர்கள் யாவும் கண்ணாடி இழையால் ஆனவை. வண்டியின் மொத்த எடை ஏறக்குறைய 800 கிலோ. 1972 இல் வெளிவந்த கரேரா ஆர்.எஸ். வகையில், பந்தய விதியை நிறைவு செய்ய 500 கார்களே தேவைப்பட்டன; விரும்பி வாங்கியோர் மிகுந்தமையால் 1,580 கார்கள் செய்யப்பட்டன. அவற்றுள் எடை குறைந்த வகை 960 கிலோ. வசதிகள் நிறைந்த வகை 1,075 கிலோ. எடை குறைந்த வகையின் பம்பர்கள் கண்ணாடி இழையே. 1974 இன் மூன்று லிட்டர் ஆர்.எஸ். காரிலும் அப்படியே. ஆகவே இப்பொருளுக்குத் தொழிற்சாலை வழிவந்த மரபு உண்டு. ஆனால் அவை பந்தயத்தை நோக்கமாகக் கொண்ட வண்டிகள் என்பதை மறந்துவிடலாகாது. பந்தயத் திடலில் எதிரே வரும் லாரியும் இல்லை, பின்னால் முட்டும் ஆட்டோவும் இல்லை.

இதற்கு நேர்மாறான போக்கு அதே காலத்தில் அமெரிக்காவில் தோன்றிற்று. 1972 செப்டம்பர் முதல் நாள் தொட்டுச் செய்யப்படும் கார்கள் முன்புறம் மணிக்கு 5 மைல் வேகத்திலும், பின்புறம் இரண்டரை மைல் வேகத்திலும் தடுப்பில் மோதினால், விளக்கு, எரிபொருள் அமைப்பு முதலிய பாதுகாப்பு உறுப்புகள் கெடாதிருக்க வேண்டும் என அந்நாட்டு அரசு விதித்தது. ஓராண்டு கழித்துப் பின்புறத்திற்கும் 5 மைல் என்றாயிற்று. பல நிறுவனங்கள் இரயில் தண்டவாளம் போன்ற பம்பர்களைத் தம் கார்களின் முகத்தில் மாட்டி இவ்விதியை நிறைவேற்றின. இங்கிலாந்தின் எம்.ஜி.பி. காருக்கு வாய்த்த தடித்த கரிய ரப்பர் மூக்கை அதன் அன்பர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. போர்ஷே நிறுவனம் சற்று நயமாக நடந்துகொண்டது. அலுமினியத்தாற் பம்பர் செய்து, இரு பக்கங்களிலும் ஆர்மோனியத் துருத்தி போன்ற மடிப்புகளை அமைத்தது. அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்களில் அதன் பின்னால் அதிர்வுதாங்கிகள் இருந்தன. ஏனைய நாடுகளுக்குப் பெரும்பாலும் நசுங்கி வளையும் எஃகுக் குழாய்கள் வைக்கப்பட்டன. 1982 இல் அமெரிக்க அரசு விதியை இரண்டரை மைலாகத் தளர்த்தியும், இந்தப் பம்பர் 1989 வரை அக்காரில் நிலைத்திருந்தது.

அவ்வாறு வந்த கார்களை வைத்திருப்போர்தாம் இன்று அதனைக் கழற்ற விரும்புகின்றனர். 1973 க்கு முந்திய மெல்லிய தோற்றத்தை மீட்பதே அவர்களது ஆசை. முழுமையாகப் பழைய உருவம் வேண்டுமாயின் பம்பரை மட்டும் மாற்றினாற் போதாது. பழைய கார்களின் முன்மூடி நீளமானது, 1974 க்குப் பிந்தியது குட்டையானது. ஆதலின் மூடியையும் முன் மட்கார்டுகளையும் சேர்த்தே மாற்றவேண்டும். செலவும் வெட்டும் அதிகம். குட்டை மூடியை அப்படியே வைத்துக்கொண்டு, 1974 ஆர்.எஸ். காரின் வடிவத்தில் வார்த்த பம்பரைப் பொருத்துவதே எளிய வழி. அதனைப்பற்றியே இங்கு விரிவாகக் கூறுகிறேன்.

முதலிற் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். 2004 ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு நம் சோழமண்டலக் கரையெங்கும் பெருகிய பைபர் படகுகளைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். அச்சின் உட்புறத்தில் மெழுகு பூசி, அதன்மேல் ஜெல்கோட் என்னும் வழவழப்பான படலம் தடவி, அது இறுகியபின் கண்ணாடி இழைப் பாயை ரெசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டுவர். படகிலும் பம்பரிலும் முறை ஒன்றே. கையால் செய்யப்படுவதால் ஒரே அச்சில் எடுத்த இரண்டு பம்பர்கள்கூட ஒன்றுபோல் இரா. ஓரிடத்தில் தடிமன் மிகும்; ஓரிடத்திற் குறையும்; அச்சிலிருந்து சீக்கிரம் எடுத்திருந்தால் சற்றே முறுக்கிக்கொள்ளும். காரோ ஐம்பது ஆண்டுக் கிழம். எங்கேனும் இடிபட்டு டிங்கர் பட்டறைக்குச் சென்று வந்திருக்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை. பெட்டியைப் பிரித்து மாட்டினால் பொருந்திவிடும் என்று விற்பவர் சொல்வதை விற்பனைப் பேச்சாகவே கொள்ளவேண்டும்.

பழைய பம்பரைக் கழற்றும்போது இண்டிகேட்டர் கம்பிகள் ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டி, எது எங்கிருந்து வந்தது என்று எழுதிவைத்தல் நலம். இக்காரில் முன் இண்டிகேட்டர்கள் பம்பரிலேயே இருப்பதால் அவை புதிய ஓட்டிற்கு இடம் மாறவேண்டும். துருப்பிடித்த போல்ட்டை முறுக்கி ஒடித்துவிடாமல், முந்திய நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைக்கலாம்.

புதிய ஓட்டைக் கையிலெடுத்ததும் உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்குவது பலர் செய்யும் தவறு. அச்சிலிருந்து வந்த மெழுகு அதன் மேற்பரப்பில் ஒட்டியிருக்கிறது. தேய்த்தால் அது கீறல்களுக்குள் இறங்கிவிடும்; பின்னர் பூசும் பெயிண்ட் அங்கங்கே மீன்கண் போல விலகி நிற்கும். ஆகவே மெழுகைக் கரைக்கும் திரவத்தால் துணி மாற்றி மாற்றித் துடைத்த பிறகே உப்புத்தாள். வர்ணம் பூசுவதற்கு முன்னரே ஓட்டைக் காரிற் பொருத்திவிடவேண்டும். உதவிக்கு ஒருவர் ஒரு முனையைப் பிடிக்க, நடுப்பகுதியை முதலில் நிலைநிறுத்தி, அங்கிருந்து இரு பக்கமும் நகர்ந்து பார்க்கவேண்டும். பக்கத்திலிருந்து தொடங்கினால் பிழை முழுவதும் மறுபக்கத்திற் போய்ச் சேரும்.

துளையிடுவதில் நிதானம் வேண்டும். துளை வரும் இடத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி, வழவழப்பான மேற்புறத்திலிருந்து உட்புறம் நோக்கிச் சிறு டிரில்லால் துளைத்து, பின்னர் பெரிதாக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே துளைத்தால் ஜெல்கோட் சில்லுச் சில்லாகப் பெயரும். துளையை வட்டமாக விடாமல் சற்று நீள்வட்டமாக அராவினால், பிறகு நகர்த்திச் சரிசெய்ய இடம் கிடைக்கும். வெயிலில் உலோகமும் இழையும் ஒரே அளவில் விரிவதில்லை என்பதற்கும் அது உதவும். போல்ட்டின் அடியில் அகலமான வாஷரும், அதனடியில் ரப்பர்த் துண்டும் அவசியம். ஓடு சரியாக உட்காராத இடத்தில் போல்ட்டை முடுக்கி இழுத்துவிடலாம் என்று நினைப்பவர், ஆறு மாதத்தில் அத்துளையைச் சுற்றிச் சிலந்திவலை போன்ற வெடிப்புகளைக் காண்பார். இடைவெளி இருந்தால் அங்கே இழையும் ரெசினும் வைத்து உட்புறத்தில் மேடு கட்டுவதுதான் முறை. மட்கார்டுக்கும் ஓட்டிற்கும் நடுவே மூன்று நான்கு மில்லிமீட்டர் சந்து இருபுறமும் ஒரே அளவாக அமைந்துவிட்டால் பாதி வெற்றி. முன்மூடியைப் பல முறை திறந்து மூடி, விளிம்பு எங்கும் உரசவில்லை என்பதையும் பார்க்கவேண்டும்.

ரெசின் கலப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. நம் கடைகளில் ரெசினோடு ஊக்கி ஒன்றும் கடினமாக்கி ஒன்றும் தனித்தனிக் குப்பிகளிற் கொடுப்பதுண்டு. இவ்விரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலத்தல் கூடவே கூடாது. வெடிக்கும் தன்மை உண்டு. ஒன்றை ரெசினில் நன்கு கலக்கிய பிறகே மற்றொன்றைச் சேர்க்கவேண்டும். கடினமாக்கி கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. கண்ணாடி அணியாமல் குப்பியைத் திறக்கலாகாது. தேய்க்கும்போது எழும் தூசியை மூக்கிற்கும் எட்டாமல், குழந்தைகள் உலவும் இடத்திற்கும் எட்டாமல் பார்த்துக்கொள்க. அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுத் தாழ்வாரம் இவ்வேலைக்கு உகந்ததன்று.

பின்பம்பருக்குத் தனியாக ஒரு கவலை உண்டு. எஞ்சின் பின்னால் இருப்பதால் சைலன்சரும் அதன் வாயும் ஓட்டிற்கு மிக அருகே வருகின்றன. இரண்டு விரற்கிடையேனும் விலகல் இருக்குமாறு வெட்டி, உட்புறத்தில் அலுமினியத் தகடு ஒன்றை மறைப்பாக வைக்காவிடில், சூட்டில் ரெசின் இளகி வர்ணம் கொப்புளிக்கும். பொருத்தி முடித்த ஓட்டைக் காரிலேயே விட்டு, சில நாள் வெயிலில் காயவைத்த பிறகு பெயிண்ட் பூசுவது நல்லது. மீதி இறுக்கம் அப்போது நிகழ்ந்து, சுருங்குவது சுருங்கிவிடும். ஊசித் துளைகள் தென்பட்டால் அவற்றை முனையாற் சற்றுப் பெரிதாக்கிப் பட்டி வைத்து அடைத்துவிட்டு, பிறகு பிரைமர்.

இனி முன்பு குறிப்பிட்ட பெட்ரோல் தொட்டிக்கு வருவோம். அமெரிக்க விதி காக்க நினைத்தது எதை? விளக்கையும் எரிபொருள் அமைப்பையும். அந்த அலுமினியப் பம்பரையும் அதன் பின்னிருந்த குழாய்களையும் நீக்கி, மூன்று மில்லிமீட்டர் ஓட்டை வைத்தபின், நடைவேகத்தில் ஒரு தூணில் முட்டினாலும் ஓடு உடைந்து, அடி நேரே மட்கார்டுக்கும் முன்னறைத் தகட்டிற்கும் போகிறது. ஓட்டின் பின்னால், பழைய பம்பர் நின்ற அதே போல்ட் இடங்களில், அலுமினியக் குழாய் ஒன்றைக் குறுக்கே வளைத்துப் பொருத்துவோர் உண்டு. பழைய பம்பருக்கு அது ஈடாகாது. எனினும் ஓட்டிற்குள் ஓர் எலும்பு இருக்கும். கூடும் எடை சிலவே. பாதையில் ஓட்டும் எந்தக் காருக்கும் இதனைத் தவிர்க்கக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நம் நாட்டில் மற்றொரு வழக்கமும் உண்டு. வண்டி நின்றுவிட்டால் தெருவில் போவோர் இரக்கத்தோடு ஓடிவந்து பின்பம்பரிற் கைவைத்துத் தள்ளுவர். அந்த நல்ல மனிதர்களின் கைக்கு இந்த ஓடு தாங்காது, முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

இந்தியாவில் இதனைச் செய்ய நினைப்போர் சட்டத்தையும் நோக்கவேண்டும். வண்டியைத் தயாரித்தவர் குறித்த அமைப்பினின்று மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 சனவரியில் உச்சநீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்குப் பழம்பெரும் வாகனம் என்னும் தனிப் பதிவு முறை 2021 இல் வந்தது; அதற்கு வண்டி தன் மூல வடிவில் இருத்தல் வேண்டும், அடிச்சட்டத்திலும் உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் கூடாது என்கிறது விதி. 1974, 1975 ஆம் ஆண்டுக் கார்கள் அந்த வயதை இப்போதுதான் எட்டியிருக்கின்றன. ஆகவே மட்கார்டை வெட்டாமல், மூடியை மாற்றாமல், புதிதாகப் பற்றவைக்காமல், பழைய போல்ட் துளைகளையே பயன்படுத்திச் செய்யும் வேலையே அறிவுடையது. வேண்டும்போது பழையதை மாட்டிவிடலாம்.

கழற்றிய அலுமினியப் பம்பரைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடுவோர் உண்டு. பின்னாளில் அதையே தேடி, போட்ட விலையைப்போல் பன்மடங்கு கொடுத்து வாங்கவேண்டிவரும். பம்பரைக் கழுவி உலர்த்தி, துருத்தி ரப்பர்கள் ஒட்டிக்கொள்ளாதபடி முகப்பவுடர் தூவி, போல்ட்களையும் சீட்டுக் கட்டிய கம்பிகளையும் ஒரு துணிப்பையிலிட்டு அதனோடு சேர்த்துக் கட்டி, பரணில் வெயில் படாத மூலையில் வைக்கவும். அதிர்வுதாங்கிகள் உள்ள வகையாயின் அவற்றைத் துளைக்கவோ சூடேற்றவோ கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கிறது.